ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஒரு பயிற்சி வகுப்பு

கனடாவின் மேற்குக் கோடியிலுள்ள வான்கூவர் நகரத்துக்குப் போகிறவர்கள் ஸ்டான்லி பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. காஸ்டவுன் பகுதியில் 1977-இல் வைத்த நீராவிக் கடிகாரம் கால் மணிக்கு ஒரு தடவை விசிலடிப்பதையும் நின்று கேட்பார்கள். நானும் கேட்டேன். எனக்கென்னவோ குக்கர் ஞாபகம்தான் வந்தது! அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெரு. ஊர் பார்க்க வந்தவர்கள் யாரையும் அங்கே காணோம்.

நடைபாதை நெடுக போர்வைகள், மூட்டைகள், தள்ளுவண்டிகள். பட்டப்பகலில் இடுப்பு வளைந்து, நின்றபடியே கண் சொருகிக் கிடக்கிற மனிதர்கள். சிலர் என் பிள்ளை வயசுதான் இருப்பார்கள். "பயப்படாதே அக்கா, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் அவளுக்குச் சமையலும் மேற்பார்வையும். அங்கே வேலை செய்பவர்களுக்கு அன்று ஒரு பயிற்சி. "நீயும் வாயேன், சும்மா உட்கார்ந்து கேளு" என்று கூட்டிப் போனாள்.

வழியில் 'இன்ஸைட்' என்ற இடத்தைக் காட்டினாள். 2003-இல் திறந்தது. போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் நர்ஸ்களின் கண்காணிப்பில் போட்டுக்கொள்ள, வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்ட அனுமதி பெற்ற இடம் அது. "இதென்னடி அநியாயம்!" என்றேன். "இங்கே மயங்கினா தூக்கிவிட ஆள் இருக்கு. வீட்டிலே கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டா யார் இருக்கா, சொல்லு?" என்றாள்.

அவள் சொன்னதில் அர்த்தமிருக்கிறது. இந்த மாகாணத்தில் 2016 ஏப்ரலில் பொது சுகாதார நெருக்கடி அறிவித்தார்கள். காரணம் ஃபென்டனில் என்ற மருந்து. மார்ஃபினைவிடச் சுமார் நூறு மடங்கு வீரியம். ஹெராயின் என்று வாங்குவதில் இதைக் கலந்து விற்றார்கள். 2023-இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் இப்படிக் கலப்படப் போதை மருந்தால் இறந்திருக்கிறார்கள். அநேகம் பேர் தெருவில் அல்ல, நாலு சுவருக்குள்ளே.

ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பு. சமையல்காரி, இரவுக் காவலர், வேன் ஓட்டுகிறவர், ஆலோசகர்கள் என்று பதினைந்து பேர் இருப்பார்கள். சொல்லிக் கொடுத்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். பெட்டியைத் திறக்குமுன் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். சிகிச்சை முடிந்து, உடம்பு தேறி, சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தானாம். நாலாம் நாள் குளியலறைக் கதவை உடைக்க வேண்டி வந்தது.

"அவன் பழையபடி அதிகமாகவா எடுத்துக்கொண்டான்? இல்லை. முன்பு எடுத்த அதே அளவுதான்" என்றார். தினமும் போதை மருந்து ஏறும் உடம்பு அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. சில வாரங்கள் விட்டுவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. பிறகு ஒரு நாள் மனம் தடுமாறிப் பழைய அளவைத் தொட்டால், மூச்சு நின்றுவிடுகிறது. ஆக, குணமாகி வீட்டுக்குப் புறப்படுகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம்! எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஓர் இளம் ஆலோசகர் எழுந்தார். "போதையை விடத்தானே எங்களிடம் வருகிறார்கள். போகும்போது மாற்று மருந்தைக் கையில் கொடுத்தால், நீ திரும்ப விழுவாய் என்று நாங்களே சொல்வது போல இல்லையா?"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அவன் வருகிறான் என்று புது ஷூ வாங்கி வைத்திருந்தேன். இந்தப் பெட்டியை வாங்கி வைக்கவில்லை. வாங்கி வை என்று அந்த இல்லத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார். ஆலோசகர் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிக்குள் நலாக்சோன் மருந்துக் குப்பிகள், ஊசிகள், கையுறை, வாயோடு வாய் மூச்சு ஊத ஒரு மறைப்பு. முதலில் அடையாளம் சொன்னார். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். குறட்டை விடுகிறான், தூங்கட்டும் என்று வீட்டார் விட்டுவிடுகிற சத்தம் இதுதானாம். உரக்கக் கூப்பிட்டுக் கிள்ளியும் எழாவிட்டால் 911-க்குப் போன். தலையைப் பின்னால் சாய்த்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு. தொடையில், பேண்ட் துணிக்கு மேலேயே ஊசி. மூச்சு ஊதிக்கொண்டே மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எழாவிட்டால் இன்னொன்று. கண் விழித்தாலும் தனியே விடக்கூடாது. நலாக்சோன் வேலை செய்வது இருபதிலிருந்து தொண்ணூறு நிமிடம் வரைதான். உள்ளே போன போதை மருந்து அதற்கு மேலும் நிற்கலாம்.

"தப்பாப் போட்டுட்டா செத்துருவாங்களா?" என்று சமையல்காரி கேட்டாள். ஹெராயின், ஃபென்டனில் வகை உடம்பில் இல்லாவிட்டால் இந்த மருந்து ஒன்றும் செய்யாதாம். போலீசுக்குப் பயந்து போன் செய்யாமல் இருக்கவும் வேண்டாம். கூப்பிட்டவர் மீதும் மயங்கியவர் மீதும், போதை மருந்து வைத்திருந்ததற்காக வழக்கு போடக்கூடாது என்று 2017-இலேயே சட்டம் வந்துவிட்டது.

பிறகு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம், ஊசி, தண்ணீர்க் குப்பி. அதன் கழுத்தை ஒடிக்கும்போது இரவுக் காவலரின் கை நடுங்கியது. நானும் போட்டேன். மாவில் விரல் விடுவது போல ஊசி இறங்கிவிட்டது.

பெட்டியை இல்லத்தில் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். "ராத்திரி ரெண்டு மணிக்கு யார் சாவி தேடுவா?" என்றாள் தங்கை. இப்போது அது சமையலறை வாசலில், ஆணியில் தொங்குகிறது. அங்கிருந்து புறப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி உண்டு. அழைத்துப் போக அம்மா வந்தால், ஒரு கப் டீ கொடுத்து உட்காரவைத்து, அவர் கையிலும் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுக்கிறாளாம் தங்கை.