கத்தினால் பிடி விழுமா?

திருச்செங்கோட்டில் என் நண்பர் ஒருவர் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆண்டில் பாதி நாள் வடமாநிலங்களில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். போன முறை அவர் ஊருக்கு வந்திருந்தபோது, எட்டாவது படிக்கும் மகன் கபடி டீமிலிருந்து நின்றிருந்தான். ஏன் என்று கேட்டால் “சார் வையறாரு” என்பதோடு சரி. நண்பருக்கு இரண்டு மனது. “நாங்க வாங்காத பேச்சா? வையாம யாருக்குங்க வெளையாட்டு வந்துருக்குது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா பையன் சாப்பாட்டுல கையே வெக்கறதில்லீங்க” என்றார். நீங்களே போய் ஒருக்கா பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று ஒரு பயிற்சியாளரின் போன் நம்பரையும் கொடுத்தார். நாமக்கல், சேலம் பக்கத்துத் திடல்களுக்கு நான் போகத் தொடங்கியது அப்படித்தான்.

பயிற்சி கொடுப்பதும் ஒரு கைத்தொழில்தான். விசில், கோடு போடும் சுண்ணாம்பு, ஒரு நோட்டு, குரல், இவ்வளவுதான் கருவிகள். இவற்றில் அதிகம் உழைப்பது குரல். எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கருவியும் அதுதான்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சத்தம் புதிதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், சங்ககிரி, எடப்பாடி என்று விசைத்தறி ஓடும் ஊர்களில், தறி நிற்கும்வரை பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். “தறிக்காரன் வூட்டுப் பையனை எவ்வளவு கத்துனாலும் உறைக்காதுங். ‘ஏன்டா, உனக்கெல்லாம் எதுக்குடா கபடி’ன்னு மெதுவாச் சொல்லிப் பாருங்க, அன்னிக்கே நின்னுக்குவான்” என்றார் நான் சந்தித்த முதல் பயிற்சியாளர். அவர் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது தங்கிவிட்டது. குரல் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட அதில் என்ன வருகிறது என்பதைத்தான் பிள்ளைகள் எடைபோடுகிறார்கள்.

விடிகாலைப் பயிற்சி. மரவள்ளிக் காட்டை ஒட்டிய செம்மண் திடல். 13 மீட்டருக்கு 10 மீட்டர் கோடு போட்டிருந்தார்கள். உடலைச் சூடாக்கும் ஓட்டமும் தண்டாலும் எல்லாத் திடலிலும் ஒரே மாதிரிதான். ஆட்டம் தொடங்கியதும் இடது கார்னரில் நின்ற பையன்மேல் கண்ணை வைத்தேன். ஒல்லியான உடம்பு, முட்டியில் பிளாஸ்திரி. ரைடர் பாடிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியிலிருந்து ஒரு குரல்: “டேய் எருமை, காலைப் பாருடா காலை!” பையன் காலைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையில் பயிற்சியாளரைப் பார்த்தான். கண் சிமிட்டும் நேரந்தான். அதற்குள் ரைடரின் முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையைத் தொட்டது, பின்கால் காற்றில் இருந்தது. ஒரு புள்ளி போயிற்று. அதற்கும் திட்டு விழுந்தது. அடுத்த ரைடில் யாரும் கத்துவதற்கு முன்பே அவன் கோட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். அன்று முழுக்க அவன் ரைடரோடு ஆடவில்லை, பயிற்சியாளரோடு ஆடிக்கொண்டிருந்தான். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அதில் கால் விநாடி கண் விலகினாலும் பிடி விழாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள், எலிகள் தவறான வழியில் போனால் மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். வேலை சுலபமாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வேலை கடினமானபோது ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி கொடுத்தால் கற்பது தள்ளிப்போயிற்று. இருபது தண்டால் எடுக்க வேண்டிய பையனிடம் “இன்னும் அஞ்சுடா” என்று கத்தினால் அவன் எடுத்துவிடுவான். அவனுக்குத் தண்டால் ஏற்கெனவே தெரியும். கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டு போடும்போது தோள் எங்கே போக வேண்டும், கை எப்போது பூட்ட வேண்டும் என்று இன்னும் உடம்பில் ஏறாத பையனிடம் கத்தினால், அவனிடம் இருந்த கொஞ்சமும் போய்விடும்.

நண்பர் நம்பர் கொடுத்த பயிற்சியாளரிடம் வருகிறேன். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இளவயதில் திருவிழாக் கபடிகளில் கவராக நின்று பேர் வாங்கியவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கையில் புளிய விளாறு இருக்குமாம். 2012இல் தமிழக அரசு நடுநிலை வகுப்புகளுக்குப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 16,549 பேரை எடுத்தபோது, உடற்கல்விக்கு எடுக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டார்கள். குடும்பம் நடத்த மதியத்துக்கு மேல் ஒரு சேகோ ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். காலையிலும் சாயங்காலமும் பயிற்சி கொடுக்க யாரும் அவருக்குக் காசு தருவதில்லை.

அவர்தான் என் நண்பரின் மகனை வைதவர். அதை மறைக்கவில்லை. “வஞ்சேனுங். அதுக்கு முந்தி இருவது வருசமும் அப்படித்தான் வஞ்சுட்டு இருந்தேன்.” அந்தப் பையன் நின்ற கொஞ்ச நாளில் இவருடைய தொண்டையும் நின்றுவிட்டது. சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, பேசவே கூடாது என்றாராம். தொண்டையை நம்பிப் பிழைக்கும் ஆசிரியர்களுக்கும் மேடைப் பாடகர்களுக்கும் வருகிற கோளாறுதான். கிசுகிசுப்பதுகூடத் தொண்டைக்கு ஆகாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. விடவும் மனமில்லை. வாய் பேசாமல் திடலுக்குப் போனார். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். உள்ளே போய்ப் பையனின் குதிகாலைக் கையால் பிடித்து இரண்டு அங்குலம் நகர்த்தி வைப்பார். ரைடரை மறுபடி வரச் சொல்லிச் சைகை காட்டுவார். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி உள்ளே நடக்க வேண்டியிருந்ததால், எதற்காக நிறுத்துவது என்று யோசிக்க வேண்டி வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “முன்னெல்லாம் எட்டுத் தப்பு கண்ணுல பட்டா எட்டுக்கும் கத்துவேனுங். அந்தச் சமயத்துல ரெண்டு தப்பைத்தான் எடுத்தேன். ரெண்டும் திருந்துச்சு. பழைய எட்டுல எது திருந்துச்சுன்னு எனக்கே தெரியாதுங்க.”

அந்த ஆண்டு அவருடைய அணி குறுவட்டத்திலேயே தோற்றது. இதையும் அவரே சொன்னார். வாயை மூடினால் கோப்பை வந்துவிடும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக. ஆனால் டீமிலிருந்து யாரும் நின்றுவிடவில்லை. பயிற்சி முடிந்ததும் “சார், அந்தக் கேட்சு எப்படி?” என்று பையன்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். தொண்டை சரியான பிறகும் பழைய பாணிக்கு அவர் திரும்பவில்லை. பையனின் பேரைச் சொல்வார், அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்வார். “கதிரு, இடது காலு முன்னாடி.” அவ்வளவுதான்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடன் பயிற்சி கொடுப்பதை, 1974-75 பருவத்தில் தார்ப், கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். 2,326 செய்கைகள் பதிவாயின. பாராட்டு 6.9 சதவீதம், அதிருப்தி 6.6 சதவீதம். முக்கால் பங்கு வெறும் தகவல்: எதை, எப்படி, எப்போது செய்வது. பத்துமுறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிய மனிதர் அவர். சேகோ ஆலைக் கணக்குக்கு நடுவே நம் ஆள் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 23 அணிகளின் இடைவேளைப் பேச்சுகள் 304ஐப் பதிவு செய்து ஸ்டா என்பவரும் தோழர்களும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் கடுகடுத்த ஆட்டங்களில் இரண்டாம் பாதி மேம்பட்டது. கடுப்பு எல்லை தாண்டியபோது ஆட்டம் சரிந்தது. இதை நான் ஒதுக்கவில்லை. தூங்கி வழியும் அணியை ஒரு அதட்டு எழுப்பும். ஆனால் அது ஆடத் தெரிந்தவர்களுக்கு, ஓர் ஆட்டத்தின் நடுவில் கொடுப்பது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தினமும் காலையில் கொடுப்பதற்கு அந்த ஆய்வு சீட்டு எழுதித் தரவில்லை. அமெரிக்காவிலேயே சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பிரிவினருக்கு ஊக்கிப் பேசவும் திருத்திச் சொல்லவும் பழக்கிவிட்டு, மறு ஆண்டு எத்தனை பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்று எண்ணினார்கள். பழகியவர்களிடம் 5 சதவீதம், பழகாதவர்களிடம் 26. அந்தக் கணக்கு 1992இல் வந்தது.

சின்னப்பம்பட்டி நடராஜனைச் சேலம் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அப்பா தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர், அம்மா சாலையோரம் கோழிக்கடை போட்டவர். டென்னிஸ் பந்தில் ஆடித் திரிந்தவரைக் கிரிக்கெட்டுக்கு இழுத்து வந்தவர் ஜெயப்பிரகாஷ். 2015இல் ரஞ்சிக்கு வந்த கையோடு பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. ஆயிரக்கணக்கான முறை வீசி உடம்பில் உறைந்துபோன ஒரு அசைவை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார்கள். டி.என்.பி.எல். வழியாகத் திரும்பி வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். முழங்கையில் ஒருசில டிகிரியைத் திருத்தும் வேலையில் கூச்சலுக்கு என்ன இடம் இருக்க முடியும்?

பெரியவடகம்பட்டி மாரியப்பன் கதையிலும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வருகிறார். ஐந்து வயதில் பஸ் மேலே ஏறி வலதுகால் பழுதான பையனை உயரம் தாண்டிப் பார் என்றவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். காலைப் பார்த்துக் கழித்துவிடாமல், எம்பும் தெம்பைப் பார்த்த கண் அது. கத்திக்கொண்டே இருப்பவருக்கு இப்படிப் பார்க்க நேரம் வாய்க்காது.

கோபம் வர வேண்டிய இடம் வேறு. “நாங்க மெதுவாச் சொன்னா அப்பன்மாருக்குப் பிடிக்கறதில்லீங்க. கத்துனாத்தான் சார் வேலை பார்க்கறாருன்னு நெனைக்கறாங்க” என்று ஒரு தனியார் அகாடமியில் கூலிக்கு நிற்கும் இளம் பயிற்சியாளர் சொன்னார். கட்டணம் வாங்குபவர் வேறு ஒருவர். திடலை வாடகைக்குப் பிடித்து, பேனர் கட்டி, சம்மர் கேம்ப் நடத்தி, விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சீட்டும் அரசு வேலையும் பக்கத்தில் நிற்பதாகப் பெற்றோரிடம் பேசிப் பணத்தை எண்ணிக்கொள்கிறார். மெடல் வராவிட்டால் கூலிக்காரரை மாற்றிவிடுவார். கூலிக்காரர் பிள்ளைமேல் பாய்கிறார். பணம் மேலே போகிறது, பயம் கீழே இறங்குகிறது, கடைசிப் படியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நிற்கிறது. இந்த ஏற்பாட்டை ‘ஒழுக்கம்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியிலோ, பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, வாரம் மூன்று அரை நாளில் சாம்பியன்களைக் கொண்டுவா என்கிறார்கள். உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பறைக்குள் வாத்தியார் சொல்லத் துணியாத வார்த்தை, நூறு அடி தள்ளித் திடலில் ஊர் பார்க்க ஒலிக்கிறது. ஜப்பானில் 2012 டிசம்பரில் ஒசாகாவில் கூடைப்பந்து அணித் தலைவனாக இருந்த மாணவன் பயிற்சியாளரின் அடி தாங்காமல் உயிரை விட்ட பிறகுதான் நாடே விழித்தது. நமக்கு அப்படி ஒன்று நடக்க வேண்டாம்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்தேன். நான் கேட்டதிலேயே பெரிய குரல் அவருடையதுதான். ஈட்டி எறியும் பக்கத்தில் ஒரு சிறுமி குறுக்கே நடந்தபோது அவர் போட்ட சத்தத்தில் திடல் முழுக்க நின்றது. “ஈட்டி வருதுன்னா கத்தாம எப்படிங்க?” என்றார். அந்தச் சிறுமி அழவில்லை, கோபிக்கவில்லை, ஓடிவந்து அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து அதே ஆசிரியர், குண்டு எறியும் பெண்ணிடம் குனிந்து, எனக்குக் கேட்காத குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

போட்டிகளில் கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் தகப்பன்மாரை என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “ஏனுங்ணா, நம்ம பக்கம் ஒரு ஸ்கோர் எழுத ஆளில்லீங்கன்னு சொல்லி நோட்டையும் பேனாவையும் கையில குடுத்துருவேன்” என்றார். அன்று மாலை நடந்த கபடியில் அப்படியே ஒருவரிடம் கொடுத்தார். அவர் முதல் பாதியில் இரண்டு புள்ளிகளை எதிரணிக் கட்டத்தில் எழுதிவிட்டார். இரண்டாம் பாதியில் பக்கத்தில் நின்ற மாணவியைக் கூப்பிட்டு, “கண்ணு, இந்த போனஸுன்னா என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.