பன்றித் தொடையும் பாகு பதமும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது அசைவ சமாச்சாரம். ஆனா சைவக்காரங்களும் பாகு வரைக்கும் தைரியமா வரலாம்.  மரக்கறி தவிர வேற எதையும் தொடாத எங்கம்மாவே அதுவரைக்கும் வந்தாங்க.

ஹாம்னா என்னன்னு நம்ம ஆட்கள் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கு. சாண்ட்விச்சுக்குள்ள மெல்லிசா, ரோஸ் கலர்ல மடிச்சு வெச்சிருப்பாங்களே, அதோட முழு உருவம் பன்றியோட பின்னங்கால் தொடை. ஆஸ்திரேலியாவில கிறிஸ்துமஸுக்கு அதை எலும்போட முழுசாவோ பாதியாவோ வாங்குவாங்க. உப்புநீர்ல ஊறி, புகையில கிடந்து, வெந்துதான் கடைக்கே வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே ஜில்லுனு வெட்டிச் சாப்பிட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் எதுக்கு டிசம்பர் வெயில்ல, அந்த ஊர் கோடையில, ரெண்டு மணி நேரம் அவனைப் போட்டு வியர்க்கணும்? மேல பூசற அந்தப் பாகுக்காகத்தான். கிளேஸ்னு சொல்றாங்க. யோசிச்சுப் பார்த்தா, அந்த மொத்த ஹாமில வீட்டுக்காரங்க கையால நடக்கற ஒரே வேலை அதுதான். மத்ததெல்லாம் பன்றியும் கடைக்காரரும் பார்த்துக்கிட்டது.

எலும்பைப் பத்தி ஒரு வார்த்தை. பி.காம் படிக்கிறவனுக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். வெளிநாட்டுப் பன்றிக்கறி அந்த நாட்டுக்குள்ள வரணும்னா பெரும்பாலும் எலும்பை எடுத்திருக்கணும், வேகவெச்சோ பதப்படுத்தியோ ஆகணும். பன்றி நோய் எதுவும் உள்ள வந்துடக்கூடாதுன்னு அப்படி ஒரு சட்டம். அதனால எலும்போட இருக்கற கிறிஸ்துமஸ் ஹாம்னா அது உள்ளூர்ப் பன்றிதான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். லேபிளைப் படிக்கவே வேண்டாம், எலும்பே லேபிள்!

அமெரிக்காவில இந்தப் பூச்சை வெச்சே ஒருத்தர் கடை போட்டிருக்கார். ஹாரி ஹோன்செலார்னு பேர். எலும்பைச் சுத்தி ஹாமை ஸ்பிரிங் மாதிரி ஒரே தொடர்ச்சியா சீவற மெஷினுக்கு 1952-ல பேடண்ட் வாங்கினார். 1957-ல டெட்ராய்ட்ல ஹனிபேக்டு ஹாம் கடையைத் திறந்தார். சீவி, தேன் பூசி, மொறுமொறுன்னு ஆக்கியே கையில குடுத்துடுவாங்க. வீட்ல செய்யறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லை. நல்ல வியாபாரம்தான், மறுக்கலை. ஆனா நான் பார்த்த வீட்டுக்கு அது சரிப்பட்டிருக்காது.

மெல்போர்ன்ல நான் ஒரு பெரியவர் வீட்டுப் பின்கட்டு அறையில வாடகைக்கு இருந்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. 2024 ஜூலையில அவரோட மனைவி தவறிட்டாங்க. நவம்பர் கடைசியில மகள் போன் பண்ணி, "இந்த வருஷம் ஹாமை நான் ரெடிமேடா வாங்கிட்டு வந்துடறேன்பா, நீங்க சிரமப்படாதீங்க"ன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னது. மனுஷன் போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில என் கதவைத் தட்டி, "உனக்குச் சர்க்கரை காய்ச்சத் தெரியுமா, மேட்?"னு கேட்டார்.

கையில ஒரு பழைய அட்டை. அந்தம்மா கையெழுத்து. மேல "ஹாம்"னு எழுதி, கீழ நாலே வரி: மார்மலேட், பிரவுன் சர்க்கரை, கடுகு, கொஞ்சம் கறுப்பு. அளவு எதுவும் இல்லை. கடைசியில "போதும்கிற வரைக்கும்"னு ஒரு குறிப்பு. நாற்பது வருஷத்துக்கு மேல வருஷாவருஷம் இதைத்தான் செஞ்சிருக்காங்க. அவருக்குத் தொடையைச் சுமக்கறதும் கத்தியைத் தீட்டறதும்தான் வேலை. அடுப்புப் பக்கம் போனதே இல்லையாம்.

அதென்ன கறுப்பு? அவருக்குத் தெரியலை. "ஒரு பாட்டில்ல இருந்து ஊத்துவா"ன்னார். அலமாரியில கறுப்பா எட்டு பாட்டில் இருந்துச்சு.

முழு ஹாம்ல சோதனை பண்ண முடியாது. கறிக்கடையில கொழுப்போட இருக்கற ஓரத் துண்டுகளை வாங்கிட்டு வந்து, சின்னத் தட்டுல வெச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தோம். முதல் தடவை சர்க்கரையும் தேனும் மட்டும். இது பெரியவர் யோசனை. அஞ்சே நிமிஷத்துல ஓரம் கருகி, நடுவுல ஒண்ணுமே ஒட்டலை. காரணம் ரெண்டு. தேன்ல இருக்கற ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையை விடக் குறைஞ்ச சூட்டுலயே, 110 டிகிரி பக்கத்துலயே, நிறம் மாற ஆரம்பிச்சுடும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 வரைக்கும் பொறுமை உண்டு. ரெண்டாவது, ஈரமான கொழுப்பு மேல பாகு நிக்காது, வழிஞ்சு தட்டுக்குப் போயிடும். தட்டுல கருகற பாகைத் தேய்ச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மார்மலேட் சேர்த்ததும் கதை மாறிடுச்சு. ஆரஞ்சுத் தோல்ல இருக்கற பெக்டின் பாகைக் கெட்டியாக்கி மேலயே பிடிச்சு நிறுத்துது. தோலோட கசப்பு வேற, திகட்டாம பார்த்துக்குது. அந்தம்மா காரணம் தெரிஞ்சு போட்டாங்களா, ருசி பார்த்துப் போட்டாங்களா, தெரியாது. ஆனா ஜாம் எதையும் எழுதாம மார்மலேட்னு எழுதினதுல ஒரு கணக்கு இருக்கு.

எவ்வளவு நேரம் காய்ச்சணும்கிறதுலதான் மாட்டிக்கிட்டோம். கோவில்பட்டிக்குப் போனைப் போட்டேன். எங்கம்மா பொறந்து வளர்ந்தது அங்கதான். கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர். பாகுன்னா அங்க சின்னப் பிள்ளைகளுக்கே பதம் தெரியும்.

"எதுக்குய்யா பாகு?"

"ஒரு பலகாரத்து மேல பூசணும்மா."

"என்ன பலகாரம்?"

நான் பேசாம இருந்தேன். அம்மா புரிஞ்சுக்கிட்டாங்க. "சரி, எது மேலன்னு எங்கிட்டச் சொல்லாத. பூசினதுக்கு அப்புறம் திரும்பச் சூடு படுமா, படாதா? அதை மட்டும் சொல்லு."

படும்னேன்.

"அப்பக் கம்பிப் பதமெல்லாம் வரக்கூடாதுய்யா. விரல்ல தொட்டா பிசுபிசுன்னு இருக்கும்லா, குலாப் ஜாமூன் பாகு மாதிரி, அப்பவே இறக்கிரு. மிச்சத்தை அந்தச் சூடு பார்த்துக்கிடும். நீ இங்கயே முறுக விட்டன்னா அங்க போயி கல்லாயிரும். அதிரசத்துக்கு வைக்கிற மாதிரி வச்சிராத."

ஓவன்ல என்ன நடக்குதுன்னு தெரியாம, என்ன பொருள்னு கேக்காம, பதத்தை மட்டும் சரியாச் சொல்லிட்டாங்க. கரண்டியில எடுத்து ஊத்தினா தேன் மாதிரி விழணும், அவ்வளவுதான். சின்னத் தீயில அஞ்சாறு நிமிஷம். போனை வெக்கறதுக்கு முன்னாடி, "இனிப்பும் உப்பும்ங்க. புளிப்பு எங்கய்யா? புளி போட்டாத்தான் ரெண்டும் சேரும்"னாங்க.

புளின்னதும் எனக்கு அலமாரி ஞாபகம் வந்துச்சு. அந்த எட்டு பாட்டில்ல ஒண்ணு வூஸ்டர் சாஸ். லேபிளைத் திருப்பிப் பார்த்தா வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன், நடுவுல புளி! நம்ம புளியேதான். (மீன் இருக்குன்னு அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.) ரெண்டு கரண்டி ஊத்திக் காய்ச்சினோம். வாசனை வந்ததும் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து அடுப்புகிட்ட வந்து நின்னார். "இதுதான்"னு சொல்லலை. "பக்கத்துல வந்துட்டோம்"னார்.

கடுகு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமா இருந்தேன். அங்க மஞ்சள் டப்பாவில கீன்ஸ் கடுகுத்தூள் விக்கும். பச்சைத் தண்ணியில குழைச்சுப் பத்து நிமிஷம் வெச்சாத்தான் காரம் பிறக்கும். கொதிக்கிற பாகுல நேரா கொட்டினா காரம் பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துடும். பிறந்த காரமும் சூட்டுல பறந்துடற ஜாதி. அதனால முதல் ரெண்டு பூச்சுல கடுகே வேண்டாம், கடைசிப் பூச்சுல மட்டும் குழைச்சுக் கலக்கலாம்னேன். மூக்குல லேசா ஏறணும்ல?

எங்க அளவு இது, அஞ்சு கிலோ பாதித் தொடைக்கு: மார்மலேட் ஒரு கப், பிரவுன் சர்க்கரை அரை கப், வூஸ்டர் சாஸ் ரெண்டு டேபிள்ஸ்பூன், ஆப்பிள் வினிகர் ரெண்டு டேபிள்ஸ்பூன், கடுகுத்தூள் ஒரு டேபிள்ஸ்பூன். உப்பு வேண்டவே வேண்டாம், ஹாம்ல தேவைக்கு மேலயே இருக்கு. ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன் (படிப்பு அப்படி). ஹாம் விலை முன்னாடி அது ஒரு செலவே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில தோலை உரிக்கற வேலை பெரியவரோடது. எலும்புப் பக்கம் கத்தியால ஒரு சுத்துக் கோடு போட்டு, தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவுல விரலை விட்டு மெதுவா நகர்த்தினா, சட்டையைக் கழட்டற மாதிரி மொத்தமா வந்துடுது. பார்க்கவே ஒரு சுகம். அந்தத் தோலைத் தூக்கிப் போடக்கூடாது. மிச்ச ஹாமைப் ஃப்ரிட்ஜ்ல வெக்கும்போது வெட்டின முகத்தை மூட அதுதான் சரி. அப்புறம் கொழுப்பு மேல சாய்சதுரமா கோடு. கறி வரைக்கும் கத்தி இறங்கினா சூட்டுல கொழுப்பு பிளந்து, பூச்சோட சேர்ந்து கழண்டு வரும். அதனால மேலாக்கத்தான். ஒவ்வொரு கட்டத்து நடுவிலயும் ஒரு கிராம்பு. காகிதத்தால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, தட்டுல ரெண்டு தம்ளர் தண்ணி. வழியற பாகு அதுல விழுந்தா கருகாது. 160 டிகிரியில ஃபாயில் மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல, உள்ள சூடாகற வரைக்கும். அப்புறம் ஃபாயிலை எடுத்து, சூட்டை 180-க்கு ஏத்தி, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பூச்சு, மொத்தம் மூணு. கடைசி பதினஞ்சு நிமிஷம் அந்தப் பக்கத்தை விட்டு நகரவே கூடாது. எங்க கறுக்குதோ அங்க ஒரு துண்டு ஃபாயிலை ஒட்டிக்கிட்டே இருக்கணும்.

வெளிய எடுத்தப்போ பழைய தேக்கு நாற்காலிக்குப் புதுசா வார்னிஷ் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மதியம் மகளும் மகனும் குடும்பத்தோட வந்தாங்க. மகள் ரெடிமேட் ஹாம் வாங்கிட்டு வரலை, வெறுங்கையோட வந்திருந்தாங்க. முதல் துண்டை வாயில வெச்சுட்டுக் கொஞ்சம் யோசிச்சாங்க.

"நல்லாருக்குப்பா. ஆனா அம்மாவோடது இன்னும் இனிப்பா இருக்கும்."

"இனிப்பா? இன்னும் காரமா இருக்கும்"னார் தம்பி.

"நீ கடைசியா எப்பச் சாப்பிட்டே? போன வருஷம் உன் மாமியார் வீட்லல்ல இருந்தே!"

அதுக்கு முந்தின வருஷம், அதுக்கும் முந்தின வருஷம், அன்னாசிப்பழம் வெச்ச வருஷம், அம்மா ரம் ஊத்தித் தீப்பிடிச்ச வருஷம்னு பேச்சு ஏறிட்டே போச்சு. ஜூலைக்கு அப்புறம் அந்த வீட்ல அவங்களைப் பத்தி இவ்வளவு சத்தமா யாரும் பேசி நான் கேட்கலை. ரம்மும் கறுப்புதானேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. பெரியவரைப் பார்த்தேன். அவருக்கும் உறைச்சிருக்கும் போல, என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார். ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. அவர் கத்தியைத் தீட்டிட்டு அடுத்த துண்டை வெட்டினார்.

மறுநாள் பாக்ஸிங் டே டெஸ்ட். அந்த ஊர்ல அன்னிக்கு ஹாம் சாண்ட்விச்சும் கிரிக்கெட்டும் தான் சம்பிரதாயம். பத்தொன்பது வயசுப் பையன் கான்ஸ்டாஸ் முதல் டெஸ்ட்லயே பும்ராவை ஸ்கூப் அடிச்சு 60 ரன் எடுத்ததை, வாய் நிறைய ஹாமோட வயித்தெரிச்சலாப் பார்த்துட்டு இருந்தேன். பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கலை. :-)

மிச்சத்தை வினிகர் கலந்த தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணிப்பையில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சோம். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பையை மறுபடி நனைக்கணும். பிளாஸ்டிக்ல சுத்தினா வியர்த்து நசநசன்னு ஆயிடும். எலும்பைப் பட்டாணி சூப்புக்குன்னு ஃப்ரீஸர்ல போட்டார். அட்டையைக் கேட்டேன், அளவை எழுதி வெக்கலாமேன்னு. குடுத்தார். நாலு வரிக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதினேன். "கொஞ்சம் கறுப்பு"க்குப் பக்கத்துல எழுதப் போனப்போ மட்டும் கையைப் பிடிச்சுட்டார். அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாமாம். ரம் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னார்.