அச்சத்திற்கும் ஒரு பயிற்சி

வீட்டைக் காக்கும் நாய்க்குச் சீருடையின் பொருள் தெரியாது. தன் எல்லைக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்துவிட்டார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஓடிவரும் நாய் கடிக்க வருகிறதா, முகர்ந்து பார்க்க வருகிறதா என்பது காவலருக்கும் தெரியாது. இரு தரப்பும் தத்தம் கடமையையே செய்கின்றன. நடுவில் நிற்பது அச்சம். அமெரிக்க நாட்டில் அந்த அச்சத்தின் கையில் துப்பாக்கியும் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், புல்தரையில் பெண்ணொருவர் கிடக்கிறார் என்ற செய்தி கேட்டு, அவர் நலமறியக் காவலர் ஒருவர் சென்றார். அப்பெண்ணின் நாய் காவலரை நோக்கி ஓடிவந்தது. அவர் நாயைக் குறிவைத்துச் சுட்டார்; குண்டு பாய்ந்ததோ அப்பெண்ணின்மீது. அவர் உயிரிழந்தார். நலமறியச் சென்ற கையே உயிரைப் பறித்த இக்கொடுமையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது.

இத்தகைய துயரங்களைத் தடுக்க வழி இல்லாமலில்லை. நாய்களை எதிர்கொள்ளும் முறைபற்றி அந்நாட்டு நீதி அமைச்சகம் 2011இல் காவலர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. 2013இல் கொலராடோ மாநிலமும், 2015இல் டெக்சாஸ் மாநிலமும் இப்பயிற்சிக்குச் சட்டம் இயற்றின. இதில் கற்பிக்கப்படுபவை எளியவையே. உள்ளே நுழையுமுன் வாயிற்கதவை அசைத்து ஒலி எழுப்ப வேண்டும். நாயைக் கட்டிவைக்குமாறு வீட்டாரைக் கேட்க வேண்டும். நாயின் கண்களை உற்றுப் பாராமல், உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி நிற்க வேண்டும். திரும்பி ஓடலாகாது. அதன் வாலும் காதும் உடலின் விறைப்பும் உணர்த்துவதைப் படித்தறிய வேண்டும். நெருங்கி வந்தால், கையிலிருக்கும் பொருளை இடையில் தடுப்பாகப் பிடிக்க வேண்டும்.

1998இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில் நடந்த சோதனை ஒன்றில் காவலர்கள் நாய்களைச் சுட்டுக் கொன்றனர். அவ்வழக்கை 2005இல் ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், நாய்கள் இருப்பதை ஒரு வாரம் முன்னரே அறிந்திருந்தும் அவர்கள் மாற்றுவழி எதையும் திட்டமிடாததைக் கடிந்துகொண்டது. குறை அந்த ஒரு நொடியில் மட்டுமன்று, அதற்கு முந்தைய ஏழு நாள்களிலும் இருந்தது.

ஆயினும் ஆர்லிங்டன் துயரம் டெக்சாஸ் சட்டம் பிறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே நேர்ந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. சட்டத்தில் இருப்பது நெஞ்சில் இறங்க வேண்டும். நெஞ்சில் இறங்கியது கைப்பழக்கமாக வேண்டும்.

ஆண்டவரின் காலடியில் அமர்ந்து அன்பின் பாடம் கேட்டவர் பேதுரு. ஆனால் கெத்சமனியில் அச்சம் சூழ்ந்தபோது அவருடைய கை வாளைத்தான் தேடியது. வெட்டுண்டது தலைமைக் குருவின் பணியாளருடைய காது. ஆண்டவர் வாளை உறையிலிடச் சொல்லி, அக்காதைத் தொட்டுக் குணமாக்கினார். துப்பாக்கிக் குண்டு பறித்த உயிரை மீட்டளிக்க நம்மிடம் அத்தகைய கரம் இல்லை. ஆகவே, கை ஆயுதத்தைத் தேடுமுன் ஒரு கணம் நிதானிக்க, அமைதி நிலவும் நாள்களிலேயே பழகிக்கொள்வோம். வாயில்லா உயிர்க்குக் காட்டும் அந்த ஒரு கணப் பொறுமை, மனித உயிரையும் காக்கும்.