விட்ஃபீல்ட் இல்லாத ஓர் ஆல்பம்

நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். அமெரிக்க இசையுலகில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. எந்தப் பாடலை எடுப்பது, யார் முதலில் பாடுவது, எந்த வாத்தியம் எங்கே நுழைவது என அனைத்தையும் தீர்மானிப்பவர் அவரே. திரைப்படத்துக்கு இயக்குநர் எப்படியோ, இசைத்தட்டுக்கு அவர் அப்படி. 'தி டெம்ப்டேஷன்ஸ்' என்ற குழுவுக்கு நார்மன் விட்ஃபீல்ட் அப்படிப்பட்டவராக இருந்தார். அவர் இல்லாமல் அக்குழு செய்த 'எ சாங் ஃபார் யூ' ஆல்பம் 1975 ஜனவரியில் வெளிவந்தது. நெறியாளர் விட்டுச்சென்ற ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் எனக்குச் சில மாதங்களாக அதுவே துணை.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில், ஸ்மோக்கி ராபின்சனிடமிருந்து இக்குழுவின் பொறுப்பு 1966இல் விட்ஃபீல்டின் கைக்கு வந்தது. முதலில் காதலும் பிரிவும் பாடிய குழுவை அவர் 1968இல் 'கிளவுட் நைன்' வழியாக வேறு திசைக்குத் திருப்பினார். வறுமை, போதை, நிறவெறி, போர் ஆகியவை பாடுபொருளாயின. கிடாரின் ஒலி திரிந்தது; பாடல்கள் நீண்டன. மோட்டவுனுக்கு முதல் கிராமி விருது கிடைத்ததும் அந்தப் பாடலுக்கே.

1972இல் வந்த 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' இந்தப் பாதையின் உச்சி. ஆல்பத்தில் அது ஏறத்தாழ 12 நிமிடம். முதல் குரல் கேட்பதற்குள் நான்கு நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. கிராமி விழாவில் அப்பாடல் மூன்று விருதுகளைப் பெற்றது. அவற்றில் ஒன்று, இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த, குரல்களே இல்லாத வாத்திய வடிவத்துக்கு. அடுத்த ஆண்டு வந்த 'மாஸ்டர்பீஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் இன்னும் நீளம். அதிலும் பெரும்பகுதி வாத்தியமே. ஐந்து பாடகர்கள் தங்கள் பெயர் தாங்கிய இசைத்தட்டிலேயே விருந்தினர்களாக நின்றார்கள். மனக்கசப்பு வளர்ந்தது. 1973 இறுதியில் வந்த '1990' என்ற ஆல்பத்தோடு அந்த உறவு முறிந்தது.

குரலற்ற வடிவத்துக்கு விருது கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு கருத்தரங்கம் நினைவுக்கு வந்தது. நான் கட்டுரை வாசித்து முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர், "உங்கள் நெறியாளரையே கேட்டதுபோல் இருந்தது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்றிரவு விடுதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு ஆண்டுகள் அவரிடம் பயின்றவன் நான். எந்தச் சான்றை முன்வைப்பது, எதை அடிக்குறிப்புக்கு அனுப்புவது, பத்தியை எங்கே முடிப்பது என்பதையெல்லாம் ஓரக்குறிப்புகளாக அவர் கையெழுத்திலேயே கற்றேன். சென்ற ஆண்டு அவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு இயல்கள் மீதமிருந்தன. எழுத உட்கார்ந்தால் இரண்டு அச்சங்கள் மாறிமாறி வந்தன: அவரைப் போலவே எழுதிவிடுவேனோ, அவர் இல்லாமல் எழுதவே முடியாதோ?

இந்த மனநிலையில்தான் 'எ சாங் ஃபார் யூ' ஆல்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டேன். நான் தேடியது ஒரு விடுதலைக் கதையை. கிடைத்தது வேறு.

முதலாவதாக, அவர்கள் தனியாக நிற்கவில்லை. ஜெஃப்ரி போவனும் நிறுவனத் தலைவர் பெர்ரி கோர்டியும் தயாரிப்பில் முன்நின்றார்கள். 'ஹேப்பி பீப்பிள்' பாடலை எழுதியவர்களில் ஒருவர் காமடோர்ஸ் குழுவின் லயனல் ரிச்சி. 'ஷேக்கி கிரவுண்ட்' பாடலை எழுதியவர்களில் ஒருவரும், அதில் கிடார் வாசித்தவரும், ஃபங்கடெலிக் குழுவின் எட்டி ஹேசல். ஒருவரின் பிடியிலிருந்து விலகியவர்கள் பலரின் உதவிக்குள் நுழைந்தார்கள்.

இரண்டாவதாக, விட்ஃபீல்ட் அங்கிருந்து முற்றிலும் போய்விடவில்லை. 'ஷேக்கி கிரவுண்ட்' பாடலில் டென்னிஸ் எட்வர்ட்ஸின் கரகரத்த குரல் தாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் விதத்தைக் கேளுங்கள். விட்ஃபீல்டின் நீண்ட பாடல்களில் பல ஆண்டுகள் பழகிய குரல் அது. ஆனால் இப்போது பாடல் நான்கு நிமிடத்தில் முடிகிறது; குரல் தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. கற்ற வித்தை அதேதான். அதைச் செலவழிக்கும் உரிமை கைமாறியிருக்கிறது.

மூன்றாவது, தட்டின் இரண்டாம் பக்கம். முதல் பக்கம் முழுக்க ஆட்டத்துக்கான ஃபங்க். இரண்டாம் பக்கம் மெதுவான பாடல்கள். லியான் ரஸல் எழுதிய தலைப்புப் பாடலும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் குரல்களுக்கு இடம் திறக்கிறது. இத்தனை ஆண்டுகள் அவர்கள் பாட ஏங்கியது இத்தகைய பாடல்களையே.

'ஹேப்பி பீப்பிள்', 'ஷேக்கி கிரவுண்ட்' இரண்டும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றன. பின்வந்த ஆல்பங்கள் அந்த வெற்றியை எட்டவில்லை. சில ஆண்டுகளில் குழு மோட்டவுனைவிட்டே வெளியேறிப் பிறகு திரும்பியது. ஆகவே, ஆசானை விட்டால் வெற்றி நிச்சயம் என்று இந்தக் கதையிலிருந்து யாரும் பாடம் எடுக்க இயலாது. விட்ஃபீல்டும் ஓய்ந்துவிடவில்லை. 1976இல் ரோஸ் ராய்ஸ் குழுவைக்கொண்டு 'கார் வாஷ்' பாடலைத் தந்து, தன் கை வேறு குரல்களோடும் வேலை செய்யும் என்று காட்டினார்.

எனக்குப் பயன்பட்டது அந்த இரண்டாம் பக்கமே. நெறியாளரிடமிருந்து எதையெல்லாம் கழற்றி எறிவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நான், நான்கு ஆண்டுகளாக எழுத விரும்பியும் எழுதாமல் விட்டவை எவை என்று கேட்கத் தொடங்கினேன். விடை உடனே கிடைத்தது. களப்பணியில் நான் சந்தித்த மனிதர்களின் பேச்சு, என் இயல்களில் மேற்கோளாக மட்டுமே சுருங்கிக் கிடந்தது. நான்காம் இயலை அவர்கள் பேச்சிலிருந்தே தொடங்கினேன். சான்றுகளை அடுக்கிய முறை நெறியாளர் கற்றுத்தந்ததே. அதை இனி மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

1983இல் 'பேக் டு பேசிக்ஸ்' ஆல்பத்துக்காக டெம்ப்டேஷன்ஸ் குழுவும் விட்ஃபீல்டும் மீண்டும் சேர்ந்தார்கள். அதிலுள்ள 'செயில் அவே' பாடலைக் கேட்கும்போதெல்லாம், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் முதலில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

நான்காம் இயலை என் பழைய நெறியாளருக்கு நேற்று அனுப்பினேன். திருத்தம் கேட்கவில்லை. படித்துப் பாருங்கள் ஐயா என்று மட்டும் எழுதினேன்.