இல்லாத ஃபிளாப்பிக்கு ஒரு கதவு



துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், 2025 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 6.17 பற்றிச் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது. துறையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இது நம் அத்தை, சித்தப்பாக்களுக்காக எழுதுவது.

நம்ம சேலையூர் பக்கம் ஒரே வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறோம் இல்லையா? ஒரு பெரிய கணினியை அப்படிப் பல கணினிகளாகத் தடுத்துக் கொடுப்பது ஹைப்பர்வைசர். லினக்ஸில் அதன் பெயர் கேவிஎம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259 என்று ஒரு சில்லு இருந்தது. விநாடிக்கு 18 முறை சொச்சம் டிக் அடிக்கும் டைமர் சில்லும் இருந்தது. அவை இன்னும் இருப்பதுபோல வேஷம் கட்டும் நிரல், இத்தனை வருஷமும் கேவிஎம்மோடு ஒட்டியே வந்தது.

வேஷம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பீர்கள். 2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. கியூஇஎம்யூ என்ற மென்பொருளில், ஃபிளாப்பி டிரைவாக வேஷம் கட்டிய நிரலில் அந்த ஓட்டை 2004 முதலே இருந்திருக்கிறது. அதன் வழியாக ஒரு போர்ஷன்காரர் வீட்டுக்காரர் அறைக்கே போய்விடலாம். ஃபிளாப்பி வேண்டாம் என்று அமைத்து வைத்தவர்களுக்கும் அந்த நிரல் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்ததாம். எனக்கு உறுத்தியது அதுதான். வேண்டாம் என்று சொல்லி வைப்பது வேறு, பொருளே வீட்டில் இல்லாதது வேறு. கேவிஎம்மோ கெர்னலுக்கு உள்ளேயே இருப்பது. அங்கே ஓட்டை விழுந்தால் வீடே போச்சு.

6.17-இல், கெர்னலைக் கட்டும்போதே 8259, டைமர், ஐஓ ஏபிக் மூன்றின் வேஷத்தையும் விட்டுவிடலாம். ஆனால் தானாக அமைவது 'ஆம்'தான். ஒன்றும் தொடாதவர்களுக்குப் பழையபடியே ஓடும்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. குரோம்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் என் மைத்துனர், பழைய எழுத்துருவில் செய்த பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க, புதுக் கணினிக்குள் ஒரு விண்டோஸ் 98-ஐக் குடிவைத்திருக்கிறார். அவர் பிழைப்பே அந்த வேஷத்தில்தான் ஓடுகிறது. புதுசு வந்தாயிற்று என்று ஒரே வெட்டாக வெட்டியிருந்தால், இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகைகளை முதலிலிருந்து அடிக்க வேண்டும். அவருக்காக ஊரில் உள்ள சர்வர்கள் எல்லாம் அந்தச் சுமையைத் தூக்கவும் வேண்டாம்.

சர்வர் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள், உங்கள் இடத்தில் அது 'ஆம்'ஆ 'இல்லை'யா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். மைத்துனரிடம் கேட்காதீர்கள், அவருக்கு முகூர்த்த வேலை.