ஒரு மூலையில் நிற்கும் வீடு

போன பொங்கல் லீவில் ‘டியர்டவுன்’ ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்றார். அவர் அப்படி வந்து நிற்கிற ஆள் இல்லை. கேம் என்றால் அவருக்குக் கரண்ட் பில். திரையில் ஒரு இரண்டு மாடி வீடு. கீழ்த்தளச் சுவரையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்துவிட்டேன். ஒரு மூலையில் மட்டும் கையகலத் துண்டு மிச்சம். அதன்மேல் இரண்டு மாடியும் கூரையும் அசையாமல் நின்றன.

“டேய், இது எப்படிடா நிக்குது?”

“அந்த மூலையில ஒட்டிட்டு இருக்குல்லப்பா.”

“ஒட்டிட்டு இருந்தா நின்னுடுமா?”

கேட்டவர் முப்பது வருஷமாகச் சென்னையில் பழைய வீடுகளை இடிக்கிறவர். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கேமில் நாம் பார்க்கிற பெரும்பாலான சுவர்களுக்குள் ஒன்றுமே இல்லை. அட்டைப்பெட்டி மாதிரி மேல்தோல் மட்டும்தான். குண்டு பட்டால் ஓட்டை விழுவதுபோல ஒரு படத்தை ஒட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். நிஜமாகவே உடைய வேண்டுமென்றால் எப்படி உடையும் என்பதை முன்பே வெட்டி வைத்திருக்க வேண்டும். 2010-இல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி 2’-வில் வீடுகள் மொத்தமாகச் சரிந்து விழும். முதல்முறை பார்த்தபோது கத்திவிட்டேன். பத்தாவது முறைதான் தெரிந்தது, எல்லா வீடும் ஒரே மாதிரி விழுகிறது. யாரோ ஒத்திகை பார்த்து வைத்த மரணம்.

‘டியர்டவுன்’ அப்படி இல்லை. அதைத் தொடங்கிய டென்னிஸ் குஸ்டாஃப்சன் ஸ்வீடன்காரர், வருஷக்கணக்கில் இயற்பியல் எஞ்சின் எழுதியவர். 2014-இல் பாதி வகுப்பே போனில் கண்ணாடி உடைத்துக்கொண்டிருந்த ‘ஸ்மாஷ் ஹிட்’டும் அவருடைய கைவரிசைதான். 2020-இல் முன்னோட்டமாக வந்து 2022-இல் முழுசாக வெளியான ‘டியர்டவுன்’ உலகம் முழுக்கச் சின்னச் சின்னக் கனசதுரங்களால் ஆனது. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். உடைத்ததும் எஞ்சின் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் துண்டு மற்றதோடு ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் விழு. ஆமென்றால் நில். மேலே எவ்வளவு எடை, அந்த மூலை அதைத் தாங்குமா என்றெல்லாம் கேட்காது. கேட்க ஆரம்பித்தால் ஒரு நொடியில் அறுபது தடவை அந்தக் கணக்கைப் போட்டே கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிவிடும்.

எடையைக் கேட்ட கேம் ஒன்று உண்டு. 2009-இல் வந்த ‘ரெட் ஃபேக்‌ஷன்: கெரில்லா’. செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதை. கையில் சம்மட்டி. நாயகன் பெயர் அலெக் மேசன். மேசன் என்றால் கொத்தனார் என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது; கொத்தனார் பெயரை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க இடிக்கிறான். எந்தத் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று அந்த எஞ்சின் கணக்குப் பார்க்கும். தாங்காத தூண் போகும், அது போனால் பக்கத்துத் தூணுக்குப் பாரம் கூடும். செய்தவர்களுக்கே அது தொல்லையாக இருந்ததாம். கலைஞர்கள் அழகுக்கு வரைந்த கட்டடங்கள் எஞ்சினுக்குள் வைத்ததும் யாரும் தொடாமலே சரிந்தன. பிறகு நிஜக் கட்டடம்போல யோசித்து முட்டுக் கொடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அதில் விழுவதற்கு முன் கட்டடம் முனகும். இதை அப்பாவிடம் சொன்னபோது, “சுவரும் சொல்லும்டா, கேட்கணும்” என்றார்.

அவர் தொழிலில் உடைப்பது கடைசி வேலை. முதல் நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். மாடிக்குப் போய்க் காலால் தட்டுவார். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது தடுப்புக்காகப் பின்னால் எழுப்பியது என்று பார்ப்பார். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் அவர் முகமே மாறும். தேக்குக் கட்டைகள், அதன்மேல் சுண்ணாம்பில் நிறுத்தி வைத்த சின்னச் செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லி. அந்தக் கட்டைக்கு நல்ல விலை. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் முழுசாகக் கழன்று வரும், சுத்தம் செய்து விற்கலாம். சிமெண்டில் கட்டியது உடைந்துதான் வரும். எங்கள் வீட்டு வாசல் நிலை யாரோ ஒருவர் வீட்டு வாசல் நிலை. கேமில் இடிபாடு சில நொடியில் மாயமாகிவிடும், மெமரி நிறைந்துவிடுமே. எங்களுக்குச் சோறு போட்டதே இடிபாடுதான்.

மேலிருந்து கீழே, கடைசியில் கட்டியது முதலில். இதுதான் அவர்கள் பாடம். ஆனால் சன்ஷேட் விஷயத்தில் இந்தப் பாடம் ஆளைக் கவிழ்த்துவிடும். ஜன்னலுக்கு மேலே லிண்டலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் அந்தப் பலகையை விழாமல் பிடித்திருப்பது அதன் மேலிருக்கும் சுவரின் எடை. பலகையின் ஒரு நுனியை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, மறுநுனி அந்தரத்தில் இருப்பதுபோல. மேல்சுவரை எடுத்துவிட்டால் மிதித்தவர் காலை எடுத்த மாதிரி.

2010 மே மாதம் சித்தப்பா அப்படி ஒரு சன்ஷேட்டில் நின்றார். மேல்சுவரை எடுத்தாயிற்று, கல்லை எடுத்துக் கீழே கொடுக்க அதன்மேல் இறங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு 26 வயது. பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு போயிற்று. இப்போது ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன், கழி ஊன்றித்தான் நடக்கிறார். தீபாவளிக்கு வருவார், அப்பாவும் அவரும் டிவி பார்ப்பார்கள். சுவரை முதலில் எடுக்கச் சொன்னது யார் என்று எங்கள் வீட்டில் பேச்சே வந்ததில்லை. நான் ஒருமுறை ஆரம்பித்தேன். “சோறு ஆறுது, வா” என்றாள் அம்மா.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் நண்பன் வீட்டில் ‘கெரில்லா’ ஆடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் கையில் சம்மட்டிதான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ‘மேஜிக்காவாக்சல்’ மென்பொருளில் ஒரு சுவர் செய்தேன். ஒரு ஜன்னல், லிண்டல், மூன்றடி சன்ஷேட், மேலே எட்டு வரிசைச் செங்கல். ‘டியர்டவுன்’ உள்ளே கொண்டுவந்து மேல்சுவரைத் தகர்த்தேன். சன்ஷேட் நின்றது. அதன்மேல் ஏறிக் குதித்தேன். நின்றது. லிண்டலோடு ஒட்டியிருக்கிறதே, எஞ்சினுக்கு அது போதும். ராத்திரி ரெண்டு மணி வரை அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பொங்கல் அன்று அப்பா அந்த மூலை வீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “வேற என்ன இருக்கு இதுல?” என்றார். எதற்கென்று இன்னும் தெரியவில்லை, அந்த மேப்பைத் திறந்தேன். ஒரே ஒரு சுவர் மட்டும் புல்வெளியில் நின்றது.

“யார் செஞ்சது?”

“நான்தான்ப்பா.”

“லிண்டலெல்லாம் வெச்சிருக்க.”

“ம்.”

“மேல எடு.”

எடுத்தேன். தூசி அடங்கியது. சன்ஷேட் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் திரும்பவில்லை.

“சன்ஷேட்டை முதல்ல எடுத்திருக்கணும்” என்றார். யார் எடுத்திருக்கணும் என்று சொல்லவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மறுபடி முதல்ல இருந்து வருமா?”

“வரும்ப்பா.”

மேப்பைத் திரும்ப ஏற்றினேன். சுவர் முழுசாக வந்தது. மௌஸை அவர் கையில் கொடுத்தேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டார். சன்ஷேட்டின் வெளிநுனியிலிருந்து ஆரம்பித்து, துண்டு துண்டாக, லிண்டல் வரைக்கும் எடுத்தார். ஒவ்வொரு துண்டு விழும்போதும் கீழே யாராவது நிற்கிறார்களா என்று திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.