யானை வரும் வழியில் தேனீ வேலி!

கென்யாவின் வோய் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கிழக்கு சாவோ தேசியப் பூங்கா. 1948-ல் தொடங்கப்பட்ட இதன் பரப்பு 11,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். இதற்குள் ஒரு பாறைக் குன்றின் சரிவில் கட்டப்பட்டிருக்கிறது வோய் சஃபாரி விடுதி. நைரோபியிலிருந்து மொம்பாசா போகும் ரயிலில் வந்து வோயில் இறங்கினால், பூங்காவின் நுழைவாயில் பக்கம்தான்.

விடுதியின் தாழ்வாரத்தில் நின்றால், கீழே தண்ணீர்க்குட்டை தெரியும். வெயில் ஏறியதும் வரிக்குதிரைகள், காட்டெருமைகள், யானைகள் எனக் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீர் குடிக்கும். குட்டையை மிக அருகில் பார்க்க, பாறைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையும் மறைவிடமும் இருக்கின்றன. யானையின் கால்கள் பார்ப்பவரின் கண் மட்டத்தில் தெரியும். இங்குள்ள யானைகள் செந்நிறமாகக் காட்சி தரும். தோலின் நிறம் அல்ல; இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணை வாரி உடம்பெல்லாம் பூசிக்கொள்வதால் வரும் நிறம்.

காலை 6 மணிக்கு ஜீப் கிளம்பும். மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் கண்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்க அனுமதி இல்லை.

குன்றுக்கு அந்தப் பக்கம்

விடுதியில் இருப்பவருக்கு யானை கண்கொள்ளாக் காட்சி. சில கிலோமீட்டர் தள்ளி, பூங்காவின் எல்லையில் உள்ள சகல்லா கிராமத்து விவசாயிக்கு அதே யானைதான் கவலை. அங்கே எல்லாம் மானாவாரி. மார்ச் முதல் மே வரை ஒரு மழை, ஆண்டுக் கடைசியில் ஒரு மழை. அதை நம்பித்தான் மக்காச்சோளம், தட்டைப்பயறு, பாசிப்பயறு விதைக்கிறார்கள். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு கூட்டம் புகுந்தால், வீட்டுக்கு ஆண்டு முழுக்க வேண்டிய தானியம் ஒரே இரவில் போய்விடும். தகரம் தட்டி, தீ மூட்டி, கண்விழித்துக் காவல் காத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

இந்தக் கிராமத்தில்தான் 2009-ல் லூசி கிங் என்ற ஆராய்ச்சியாளர், 'சேவ் தி எலிஃபன்ட்ஸ்' அமைப்பின் மூலம் தேனீ வேலியைக் கொண்டுவந்தார். யானையின் தோல் தடிமன்தான். ஆனால், கண்ணைச் சுற்றியும் துதிக்கைக்குள்ளும் தேனீ கொட்டினால் தாங்காது. தேனீயின் ரீங்காரம் கேட்டாலே யானைக் கூட்டம் விலகி ஓடுவதை அவர் குழு முன்பே கண்டறிந்திருந்தது.

வேலி அமைக்கும் முறை

வயலைச் சுற்றி 10 மீட்டருக்கு ஒரு பெட்டி தொங்கும். ஒன்று நிஜப் பெட்டி. அடுத்தது வெறும் பலகையால் ஆன போலிப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே கம்பி இணைக்கும். ஒரு ஏக்கருக்கு 12 நிஜப் பெட்டி, 12 போலிப் பெட்டி போதும். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். பெட்டிகளில் காட்டுத் தேனீக்கள் தாமாகவே வந்து குடியேறுகின்றன. தேன் தனி வருமானம். யானை விரும்பாத சூரியகாந்தியைப் பயிரிட்டால் தேனீக்கும் தீனி கிடைக்கும்.

சகல்லாவில் பல ஆண்டுகள் கணக்கெடுத்ததில், பயிர் விளைந்து நிற்கும் பருவத்தில் வேலி வரை வந்த யானைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் திரும்பிப் போயிருக்கின்றன. ஆனால், 2017-ல் கடும் வறட்சி வந்தபோது பூக்கள் இல்லாமல் தேனீக்கள் பெட்டிகளைக் காலி செய்தன. தேனும் குறைந்தது. பெட்டி வைத்தால் மட்டும் போதாது. தேனீக்குத் தண்ணீரும் பூவும் தர வேண்டும் என்பதே அந்த ஊர் விவசாயிகள் கற்ற பாடம்.

இந்தியாவிலும் 2021-ல் கர்நாடகத்தின் குடகுப் பகுதியில், காதி கிராமத் தொழில் ஆணையம் இதே முறையில் தேனீப் பெட்டிகளை வைத்தது. யானை வழித்தடத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள், முதலில் யானை நுழையும் பக்கத்தில் மட்டும் சில பெட்டிகளை வைத்துப் பார்க்கலாம். கோடையில் பெட்டிகளுக்கு அருகே ஒரு தொட்டித் தண்ணீர் அவசியம்.

வோய் குன்றின் கீழே, மாலையில் யானைகள் தண்ணீர் குடித்துவிட்டு நகர்கின்றன. விடுதிக்காரர்கள் படமெடுத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். தேனீ வேலி போட்ட சகல்லா குடும்பங்களும் இப்போது கொஞ்சம் தூங்க முடிகிறது.